உடையும் முன் வளையணும்

ஐ.எஸ். 800 கோட் புக்கைப் பரீட்சை ஹாலுக்குள்ளேயே எடுத்துட்டுப் போகலாம். அதனாலேயே அதை யாரும் உட்கார்ந்து படிக்கிறதில்லை. தேவைப்படுற அட்டவணையைப் புரட்டி, நம்பரை எடுத்துட்டு மூடி வெச்சிடுறோம். அப்படி அவசரமா எடுக்கிற நம்பர்களில் ரெண்டை வெச்சுத்தான் இந்தக் கட்டுரை.

அட்டவணை 5-ஐப் பாருங்க. பட்டறையில் போட்ட வெல்டுக்குப் பாதுகாப்புக் காரணி 1.25. சைட்டில் போட்ட வெல்டுக்கு 1.50. அதே ராடு, அதே பிளேட், அதே அளவு. இடம் மாறினதுமே அந்த வெல்டோட வலுவில் ஆறில் ஒரு பங்கைக் கணக்கிலிருந்து கழிச்சிடுறோம். காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சைட்டில் காத்து அடிக்கும். சாரத்தில் தொங்கிக்கிட்டு தலைக்கு மேல பத்த வைக்கணும். ராடு ஈரமா இருக்கும். பக்கத்தில் நின்னு பார்க்க ஆள் இருக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே யோசிச்சு ஒரு தள்ளுபடி போட்டு வெச்சிருக்காங்க.

என் வாதம் இதுதான். இந்தத் தள்ளுபடி வலுவுக்கு மட்டும்தான். ஒரு பீம் உடையுறதுக்கு முன்னாடி எவ்வளவு வளையும் என்பதை எந்தக் காரணியும் கொண்டு வந்து சேர்க்காது. காரணியை ஏத்தினா வெல்டு தடிக்கும். உள்ளே உருகாம விட்டுப்போன இடம் அதனால் உருகிடாது. ஆனா அந்த வளைவுதான் கட்டடத்துக்குள்ளே இருக்கிற மனுஷனுக்கு வெளியே ஓட நேரம் தருது. இவ்வளவு முக்கியமான ஒண்ணை நாலு வருஷப் படிப்பில் நாம ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காம வெளியே போறோம். அது மாறணும்.

கல் பீம் சொல்ற பாடம்

வளைவுன்னா என்னன்னு புரிஞ்சுக்க, வளையவே வளையாத ஒரு பீமை முதல்ல பார்க்கலாம். நம்ம பக்கத்திலேயே இருக்கு. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டினா ஐயங்கார்குளம். சஞ்சீவிராயர் கோயில், பெரிய குளம், பக்கத்தில் நடவாவி கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் எழுந்தருள்ற இடம். படியில் இறங்கிப் போனா பூமிக்குக் கீழே கல் தூண்களோட ஒரு மண்டபம், நடுவில் கிணறு. சாமி கும்பிடப் போறவங்க கும்பிடட்டும். சிவில் படிக்கிறவங்க போனா, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்காங்கன்னு ஒரு தடவை நின்னு பாருங்க.

நெருக்கம் நெருக்கமா இருக்கும். அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு பீம் வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்கும் வலு ஏராளம், இழுவையைத் தாங்கும் வலு ரொம்பக் குறைவு. அதைவிட முக்கியம், கல்லுக்கு இழுபடத் தெரியாது. கீழ்ப்பக்கம் ஒரு விரிசல் விட்டா அதுதான் முதல் எச்சரிக்கை, அதுவே கடைசி எச்சரிக்கை. கட்டினவங்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அதனால்தான் கல்லை நீளமா விடாம, தூணை நெருக்கி வெச்சாங்க. பொருளோட குணத்துக்கு மரியாதை கொடுத்த டிசைன் அது. அந்தக் கல் இன்னைக்கும் நிக்குது.

இரும்பு வந்ததும் தூணெல்லாம் விலகிப் போச்சு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரி ஷெட் எதுக்குள்ளேயாவது போய்ப் பாருங்க, நடுவில் ஒரு தூண்கூட இல்லாம ஓடும். இந்தச் சுதந்திரம் இரும்போட வலுவால் மட்டும் வந்ததில்லை. உடையுறதுக்கு முன்னாடி நல்லா வளையும்ங்கிற அதோட குணத்தையும் நம்பித்தான் இந்த டிசைனெல்லாம் நடக்குது.

இரும்பு எவ்வளவு இழுபடும்?

நம்ம ஊர்ல சாதாரணமாப் புழங்கும் ஐ.எஸ். 2062 இ250 இரும்பை எடுத்துக்குவோம். 250 மெகாபாஸ்கலில் அது இளகத் தொடங்கும். யங்ஸ் மாடுலஸ் 2 லட்சம் மெகாபாஸ்கல். வகுத்தா 0.00125. அதாவது ஒரு மீட்டர் கம்பி ஒண்ணேகால் மில்லிமீட்டர் நீண்டதுமே இளக ஆரம்பிச்சிடும். ஆனா உடையும்போது குறைந்தபட்சம் 23 சதவீதம் நீண்டிருக்கணும்னு அதே ஐ.எஸ். சொல்லுது. ரெண்டையும் ஒப்பிட்டா ஏறக்குறைய 180 மடங்கு. இளகத் தொடங்கின இடத்துக்கும் உடையுற இடத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த நீண்ட பாதைதான் இரும்போட சொத்து.

பீமில் இது எப்படித் தெரியும்? லோடு ஏற ஏற, அதிகமா வளையுற இடத்தில் மேல் ஃபிளாஞ்சும் கீழ் ஃபிளாஞ்சும் முதல்ல இளகும். அப்புறம் வெப் உள்பக்கமா இளகிட்டு வரும். முழுசா இளகினதும் அந்த இடம் துரு ஏறின கதவுக் கீல் மாதிரி, எதிர்ப்பு காட்டிக்கிட்டே திரும்பும். இதைத்தான் பிளாஸ்டிக் ஹிஞ்ச்னு கரும்பலகையில் ஒரு கறுப்புப் புள்ளியா வரைஞ்சு, அடுத்த கணக்குக்குப் போயிடுறோம். அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் திரும்பும், எப்போ கைவிடும் என்பதுதான் உண்மையான கேள்வி. ஐ.எஸ். 800:2007-ன் 12-ஆம் பிரிவு நிலநடுக்கத்துக்கான சிறப்பு ஃபிரேமில் பீம்–தூண் இணைப்பு 0.04 ரேடியன் திரும்பணும்னு கேட்குது. சாதாரண ஃபிரேமுக்கு 0.02. கேட்க சின்ன நம்பர். மூணு மீட்டர் உயர மாடியில் 0.04 ரேடியன்னா மேல்தளம் 12 சென்டிமீட்டர் நகர்ந்து நிக்கும். அவ்வளவு நகர்ந்தும் இணைப்பு பிய்ஞ்சு வரக்கூடாது.

அந்தச் சொத்தைப் பறிக்கிற மூணு பேர்

ஒண்ணு, ஃபிளாஞ்ச் மெலிசா இருக்கிறது. அமுங்குற பக்கம் மெல்லிசா அகலமா இருந்தா, இரும்பு இளகி முடிக்கிறதுக்குள்ளேயே பப்படம் மாதிரி நெளிஞ்சிடும். அதனால்தான் அட்டவணை 2-இல் பிளாஸ்டிக், காம்பாக்ட், செமி காம்பாக்ட்னு வகை பிரிக்கிறோம். இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. உருட்டின ஐ-பீமுக்கு பிளாஸ்டிக் வகையோட எல்லை 9.4. பிளேட்டை வெட்டி வெல்டு பண்ண பீமுக்கு 8.4. ஏன் வெல்டு பீமுக்கு மட்டும் கறார்? வெல்டு ஆறும்போது சுருங்கும், பக்கத்து இரும்பு விடாது. இந்த இழுபறியில் வெல்டை ஒட்டின பகுதி இழுவிசையிலும், ஃபிளாஞ்சோட ஓரங்கள் அமுக்கத்திலும் மாட்டிக்கும். லோடே ஏத்தாத பீமுக்குள்ளே ஏற்கனவே ஒரு சண்டை நடந்துட்டு இருக்கு. அதுக்கான கழிவுதான் அந்த 1.0.

ரெண்டாவது, பக்கவாட்டில் சாய்ஞ்சு முறுக்கிக்கிறது. இதுக்கான கணக்கிலும் உருட்டின பீமுக்குக் குறைபாட்டுக் காரணி 0.21, வெல்டு பீமுக்கு 0.49. இதில் நம்ம ஊருக்கு ஒரு பாடம் இருக்கு. ஷெட்டில் பர்லின் மேல் ஃபிளாஞ்சைப் பிடிச்சுட்டு இருக்கும், அதனால் சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. புயல் காத்து கூரையை மேலே தூக்கும்போது கதை தலைகீழாகும். அதுவரை இழுபட்டுட்டு இருந்த கீழ் ஃபிளாஞ்ச் அமுங்கத் தொடங்கும். அதைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவுமே இருக்காது. அந்த இடத்தில் ஒரு சின்ன ஆங்கிள் துண்டு வெச்சு பர்லினோட கட்டியிருந்தா தப்பிக்கும். ஐ.எஸ். 875 சென்னைக்கு வெச்சிருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயலைப் பார்த்தவங்களுக்கு அந்த நம்பரை விளக்க வேண்டியதில்லை.

மூணாவது, வெல்டே விடுறது. மத்த ரெண்டும் நெளிஞ்சு, சாய்ஞ்சு, பார்வைக்குத் தெரியுற மாதிரி நடக்கும். இது மட்டும் கல் பீம் மாதிரி. சத்தம் கேட்கும்போது முடிஞ்சிருக்கும்.

கலிஃபோர்னியாவில் என்ன நடந்துச்சு

"வெல்டு பண்ண பீம் நல்லா வளையும்" என்பதை உலகமே நம்பிட்டு இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. 1994 ஜனவரி 17, அதிகாலை 4.31-க்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் நிலநடுக்கம். எஃகு ஃபிரேம் கட்டடம் ஒண்ணும் விழலை. வெளியிலிருந்து பார்த்தா நேராத்தான் நின்னுச்சு. எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க. அப்புறம் தீத்தடுப்புப் பூச்சை உரிச்சுப் பார்க்கப் பார்க்க, பீமும் தூணும் சேருற இடத்து வெல்டுகளில் விரிசல். நூத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களில். பல இடத்தில் பீம் இளகவே இல்லை, அதுக்கு முன்னாடியே வெல்டு விட்டிருந்துச்சு. 180 மடங்கு சொத்தில் ஒரு பைசாகூடச் செலவழிக்காம உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

காரணம் தேடினப்போ ஒரு வில்லன் மட்டும் சிக்கலை. நிறைய சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்திருந்துச்சு. அப்போ பரவலாப் பயன்படுத்தின வெல்டு கம்பி வேகமா ஓடும், ஆனா அதில் உருவான வெல்டுக்கு அடியைத் தாங்கும் குணம் குறைவு. வெல்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பட்டையை வேலை முடிஞ்சதும் எடுக்காம அப்படியே விட்டிருந்தாங்க. அந்தப் பட்டைக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த மெல்லிய இடுக்கு, விரிசல் தொடங்க ரெடிமேட் இடமாச்சு. வெப்பில் வெல்டருக்காக வெட்டுற ஓட்டை காரணமா, கீழ் ஃபிளாஞ்ச் வெல்டை நடுவில் நிறுத்தி மறுபக்கம் தொடங்க வேண்டியிருந்துச்சு. நின்ன இடத்தில் குறை. இன்னொண்ணு நமக்கெல்லாம் முக்கியமானது. இந்த இணைப்பை நம்பக் காரணமா இருந்த ஆரம்பகாலச் சோதனைகள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எகோர் போபோவ் குழு நடத்தினவை. அதில் சோதிச்ச பீம்கள் அளவில் சின்னவை. பின்னாடி வந்த டிசைனர்கள் அதே இணைப்பை ரொம்பப் பெரிய பீம்களுக்கும் கொண்டு போனாங்க. சின்னதில் நல்லா வளைஞ்சது பெருசில் வளையுமான்னு போதுமான அளவுக்கு யாரும் உடைச்சுப் பார்க்கலை.

சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1995 ஜனவரி 17, ஜப்பானில் கோபே நிலநடுக்கம். அங்கே இணைப்பு போடுற முறை வேற, ஆனாலும் பீம் முனையில் வெல்டு பக்கத்தில் விரிசல்கள். கவனத்துக்குப் பேர்போன நாடு அது.

அதுக்கப்புறம் அமெரிக்காவில் சாக் என்ற கூட்டுத் திட்டம் முழு அளவுப் பீம்களை வரிசையா உடைச்சுப் பார்த்துச்சு. 2000-இல் ஃபீமா 350 வழிகாட்டி வந்துச்சு. அதிலிருந்து வந்த தீர்வுகளில் எனக்குப் பிடிச்சது ஒண்ணு. தூணிலிருந்து கொஞ்சம் தள்ளி, பீமோட ஃபிளாஞ்சை ரெண்டு பக்கமும் வளைவா வெட்டி எடுத்துடுறது. பார்க்க நாய் கடிக்கிற எலும்பு மாதிரி இருக்கிறதால் அதுக்கு டாக் போன்னே பேர். காசு கொடுத்து வாங்கின இரும்பை வெட்டி எறிஞ்சு பீமை பலவீனமாக்குறது பைத்தியக்காரத்தனமாத் தெரியும். ஆனா இளகறது அந்த வெட்டின இடத்தில் நடந்துடும், வெல்டு பக்கம் விசை அளவுக்கு மீறிப் போகாது. வலுவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வளைவை வாங்கிக்கிறாங்க. நம்ம விடைத்தாளில் எப்பவும் வலு மட்டும்தான் கடைசி வரியில் கட்டம் போட்டு வருது.

நம்ம ஊர் நிலவரம்

"அங்கே நிலநடுக்கம், நமக்கு என்ன?"னு கேட்கலாம். 2002-இல் திருத்தின ஐ.எஸ். 1893 சென்னையை மண்டலம் 3-க்கு ஏத்துச்சு. அதை விடுங்க. வளைவுத் திறன் தேவைப்பட நிலநடுக்கமே வரணும்னு இல்லை. கூரையில் தண்ணி தேங்கினா, மில்லில் மூட்டையை டிசைனுக்கு மேல அடுக்கினா, அடித்தளம் ஒரு பக்கம் இறங்கினா, பீம் எதிர்பாராத வேலை செய்யணும். அப்போ வளையுற பீம் கதவு இறுகுறது, ஷீட் நெளியுறதுன்னு சொல்லிட்டே இறங்கும். வளையாத பீம் சொல்லாம இறங்கும்.

நம்ம மாவட்டத்தில் ரெண்டு உலகம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. பெரிய பி.இ.பி. ஷெட்டுகளில் பீமை ஃபேக்டரியில் தானியங்கி மெஷினில் வெல்டு பண்ணி, சைட்டில் போல்ட் மட்டும் போடுறாங்க. அந்த 1.50 தேவைப்படுற வேலையை முடிஞ்ச வரை தவிர்க்கிறதுதான் அதோட புத்திசாலித்தனம். அந்த ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினா இன்னொரு உலகம். ரைஸ் மில், கல்யாண மண்டபம், மாட்டுக் கொட்டகை, மொட்டை மாடி ஷீட். எல்லாம் சைட் வெல்டு. டிராயிங் பெரும்பாலும் மேஸ்திரி மனசில்தான். ரெண்டு சேனலை முகத்துக்கு முகம் வெச்சுப் பத்த வெச்சா பீம். நீளம் பத்தலைன்னா மிச்சத் துண்டை ஒட்டிடுவாங்க. அந்த ஒட்டு நடு ஸ்பானில் வந்தாலும் கவலை இல்லை. அதிகமா வளையுற இடத்திலேயே, இழுபடுற ஃபிளாஞ்சிலேயே, முனையைச் சாய்வா சீவாம வெச்ச ஒரு ஒட்டு. மேல கிரைண்டர் ஓட்டி, ரெட் ஆக்சைடு அடிச்சுட்டா பார்க்க மழமழன்னு இருக்கும். உள்ளே பிளேட் தடிமனில் பாதிகூட உருகியிருக்காது.

இதைச் சொல்றது வெல்டரைக் குறை சொல்ல இல்லை. ஐ.டி.ஐ.-யில் வெல்டர் டிரேடு ஒரு வருஷப் படிப்பு. அதுகூடப் படிக்காம பட்டறையிலேயே கத்துக்கிட்டு, நம்மில் எவனுக்கும் வராத கை லாவகத்தோட வேலை செய்றவங்க இருக்காங்க. ஆனா முனையைச் சீவ நேரமும் காசும் யார் கொடுக்கிறாங்க? 7018 ராடை ஓவனில் சூடா வெச்சு எடுக்கணும், ஈரம் பட்டா வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும்னு யார் சொல்லிக் கொடுத்தாங்க? ஓவன் யார் வாங்கிக் கொடுத்தாங்க? டிராயிங்கில் "வெல்டு" என்ற ஒரு சொல்லை எழுதிட்டுப் போனது இன்ஜினியர். அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கிற ஏழெட்டு முடிவை வெல்டர் தலையில் கட்டிட்டோம்.

நல்லா பண்ண முடியாதான்னா, முடியும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவெட் காலத்தது. ரிவெட் பண்ண பீமில் ஒரு பிளேட்டில் விரிசல் ஓடினா, அந்தப் பிளேட்டோட ஓரத்தில் நின்னுடும். வெல்டு எல்லாத்தையும் ஒரே துண்டாக்கிடும், அதனால் விரிசல் நிக்க ஓரம் கிடையாது. இது தெரிஞ்சும், கடல் உப்புக் காத்துக்கு நடுவில், 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தை முழுக்க வெல்டு இணைப்புகளோட கட்டியிருக்காங்க. 18.3 மீட்டர் ஸ்பான் 99, நடுவில் 72.5 மீட்டர் தூக்கு ஸ்பான். வெல்டு தரத்தைச் சொல்லிக்கொடுக்க நம்ம மாநிலத்திலேயே திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975-லிருந்து இருக்கு. அறிவு பக்கத்து ஊர்லதான் இருக்கு. கிராமத்து ஷெட்டு வரைக்கும் வரலை, அவ்வளவுதான். அதை அங்கே கொண்டு போக வேண்டிய ஆள் நாமதான்.

நம்ம சிலபஸில் சந்திக்காத மூணு பேர்

முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் எல்லா பிராஞ்சும் பட் ஜாயின்ட், லேப் ஜாயின்ட், டி ஜாயின்ட் வெல்டு பண்றோம். கண்ணாடிக் கேடயத்தைப் பிடிச்சுட்டு ராடை ஒட்ட வெச்சு, எப்படியோ முடிச்சு, மார்க் வாங்கி, துண்டை ஸ்கிராப்பில் போட்டுடுறோம். அது தாங்குமான்னு யாரும் உடைச்சுப் பார்க்கலை.

அப்புறம் மெட்டீரியல் லேபில் டென்ஷன் டெஸ்ட், சார்பி டெஸ்ட், பீம் டிஃப்ளெக்‌ஷன் டெஸ்ட். சார்பியில் பெண்டுலம் விழும், டயலில் ஜூல் கணக்கைக் குறிச்சுக்குவோம். நார்த்ரிட்ஜ் வெல்டுகளில் குறைவா இருந்தது அதே நம்பர்தான்னு ரெக்கார்டு நோட்டில் எங்கேயும் இல்லை. டிஃப்ளெக்‌ஷன் டெஸ்டில் பீமில் நாலு எடை தொங்கவிட்டு, எலாஸ்டிக் எல்லைக்குள்ளேயே பார்த்துட்டு, எடையைக் கழட்டிடுறோம். உண்மையான கதை தொடங்குறதுக்கு முன்னாடியே படத்தை நிறுத்தின மாதிரி.

கடைசியா ஸ்டீல் டிசைன் பேப்பர். அதில் எல்லாம் பேப்பரில். முதல் வருஷத்தில் வெல்டு, நடுவில் டெஸ்ட், அப்புறம் டிசைன். மூணும் ஒரே பீமைப் பத்தினதுன்னு தெரியாமலேயே டிகிரி வாங்கிடுறோம்.

என் யோசனை எளிமையானது. புது மெஷின் எதுவும் வேண்டாம். 75-க்கு 6 மில்லிமீட்டர் பட்டை ரெண்டு ஃபிளாஞ்சுக்கு, 100-க்கு 6 பட்டை ஒண்ணு வெப்புக்கு. ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டினா மொத்தம் பன்னிரண்டு கிலோ இரும்பு. ஃபிளாஞ்சோட பாதி அகலத்தைத் தடிமனால் வகுத்தா 6.25. எல்லை 8.4. ஆக, பிளாஸ்டிக் வகை. பிளாஸ்டிக் செக்‌ஷன் மாடுலஸ் 62,700 கன மில்லிமீட்டர், 250-ஆல் பெருக்கினா ஏறக்குறைய 15.7 கிலோ நியூட்டன் மீட்டர். 800 மில்லிமீட்டர் ஸ்பானில் நடுவில் அழுத்தினா சுமார் 78 கிலோ நியூட்டன். 400 கிலோ நியூட்டன் யூ.டி.எம்.-க்கு இது ஒரு பொருட்டே இல்லை. லோடு விழுற இடத்திலும் தாங்குற இடத்திலும் ரெண்டு பக்கமும் ஸ்டிஃப்னர் வெச்சிடணும். அதே பட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி முதல்ல டென்ஷன் டெஸ்ட் பண்ணணும், ஏன்னா கையில் இருக்கிற இரும்பு 250-க்கு மேலேயே இளகலாம்.

இதில் மூணு பீம் செய்யணும். முதலாவதில் கீழ் ஃபிளாஞ்ச் ஒட்டே இல்லாம ஒரே பட்டை. ரெண்டாவதில் நடு ஸ்பானில் ஒட்டு, முனையைச் சீவி, வேரிலிருந்து முழுசா உருக்கி, ஒரு நல்ல வெல்டர் போட்டது. மூணாவதிலும் அதே இடத்தில் ஒட்டு, ஆனா சீவாம, மேலே மட்டும் ஓட்டி, கிரைண்டர் பிடிச்சு மினுக்கினது. பெயின்ட் அடிச்சுட்டா மூணும் ஒரே மாதிரி இருக்கணும். அப்புறம் முன்னாடி ஒரு தடுப்பு வெச்சு, தள்ளி நின்னு, உடையுற வரைக்கும் லோடு ஏத்தணும்.

இந்தப் பீம் இளகத் தொடங்கும்போது நடுவில் இறக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அது வரைக்கும் மூணு பீமோட கோடும் கிராஃபில் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணாப் போகும். இந்தச் சோதனையோட உயிரே அங்கதான் இருக்கு. சாதாரண லோடில் நல்ல வெல்டும் கெட்ட வெல்டும் ஒரே மாதிரிதான் நடந்துக்கும். "அஞ்சு வருஷமா நிக்குதே சார், ஒண்ணும் ஆகலையே"ன்னு சைட்டில் சொல்றதுக்கு என்ன மதிப்புன்னு அந்த கிராஃபைப் பார்த்தவனுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டருக்கு அப்புறம் எது எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்தாதான் மூணும் வேறன்னு தெரியும்.

வரப்போற எதிர்க்கேள்விகள்

"சிலபஸில் இல்லை." முதல் வருஷ வெல்டிங், மெட்டீரியல் லேப், ஸ்டீல் டிசைன், மூணும் சிலபஸில் இருக்கு. மூணையும் ஒரு மதியம் ஒரே ரூமில் உட்கார வைக்கணும்னுதான் கேட்கிறேன். மினி புராஜெக்டாவும் வைக்கலாம். இதுவரை எத்தனை மினி புராஜெக்ட் வெளியே காசு கொடுத்து வாங்கினதுன்னு நமக்குத் தெரியாதா என்ன?

"வெல்டு செக் பண்ண அல்ட்ராசோனிக் ஆள் இருக்காங்க, அது அவங்க வேலை." பெரிய சைட்டில் இருக்காங்க. கிராமத்து மண்டபத்துக்கு அவங்க வர மாட்டாங்க. நம்மில் நிறையப் பேர் முதல்ல வேலை பார்க்கப் போறது அந்த மாதிரி சின்ன சைட்லதான். அதுபோக, டெஸ்ட் பண்றவர் குறையைக் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். அந்த ஒட்டு அங்கே இருக்கவே கூடாதுன்னு முடிவு பண்ண வேண்டியது டிசைனர்.

"ஒரே ஒரு சின்ன பீமை உடைச்சு என்ன நிரூபிக்கப் போறீங்க?" நியாயமான கேள்வி. சின்ன பீமை வெச்சுப் பெரிய முடிவு எடுத்ததோட விளைவைத்தான் மேலே பார்த்தோம். இந்தச் சோதனையால் எந்த டிசைனையும் மாத்தச் சொல்லலை. இது எதையும் நிரூபிக்க இல்லை, பார்த்துத் தெரிஞ்சுக்க.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ரெண்டாவது பீமை வெல்டு பண்ண, பக்கத்து ஊர்ப் பட்டறையிலிருந்து ஒரு அனுபவமுள்ள வெல்டரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்க. கெஸ்ட் லெக்சர்னு நாம கேட்கிற பல பேச்சைவிட அவர் ராடு பிடிக்கிற கோணத்தைப் பார்க்கிற அரை மணி நேரம் அதிகம் கத்துக்கொடுக்கும். பீம் உடையும்போது அவரும் அங்கே இருக்கணும். தான் போட்ட வெல்டு எவ்வளவு தூரம் வளைஞ்சுதுன்னு பார்க்க அவருக்கும் யாரும் இதுவரை வாய்ப்பு கொடுத்திருக்க மாட்டாங்க.

சோதனை நடக்கிற வரைக்கும் கையைக் கட்டிட்டு இருக்க வேண்டாம். ஊருக்குப் போற வழியில் ஷெட் வேலை நடந்தா ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பீமில் ஒட்டு எங்கே வருது, நடுவிலா, தாங்குற தூண் பக்கமா? மேல் ஃபிளாஞ்ச், கீழ் ஃபிளாஞ்ச், வெப் மூணோட ஒட்டும் ஒரே கோட்டில் வருதா, தள்ளித் தள்ளி வருதா? ஒட்டும் முன் முனையைச் சீவுறாங்களா? ராடு பாக்கெட் மழையில் திறந்து கிடக்குதா? கீழ் ஃபிளாஞ்சைப் பக்கவாட்டில் பிடிக்க ஏதாவது இருக்கா? மரியாதையாக் கேட்டா மேஸ்திரி பதில் சொல்வார். ஃபோட்டோ எடுக்கும்போது ஆள் முகமும் கடைப் பேரும் வராம எடுங்க.

மூணு பீம், முப்பத்தாறு கிலோ இரும்பு, ஒரு மதியம். அனுமதிக் கடிதம் எழுதியாச்சு. சிவில், மெக் ரெண்டு டிபார்ட்மென்ட்டிலும் கையெழுத்து வேணும். பேர் கொடுக்கிறவங்க இந்த வாரத்துக்குள்ள வொர்க்‌ஷாப் வாசலில் ஒட்டியிருக்கிற தாளில் எழுதிடுங்க.